எடை குறைத்த பிறகு மெஷின் தினம் ஒன்று காட்டுகிறது. எதை நம்புவது?

பாலக்கோட்டான்:
உயரம் 165 செ.மீ., ஆண். 84 கிலோவிலிருந்து 75க்கு வந்தாயிற்று. ராத்திரி ராகிக் களிதான், ரெண்டு உருண்டை. இந்த வாரம் மெஷின் 76.4, 75.2, 76.8 என்று காட்டுது. மாம்பழ சீசன் வேற. கொழுப்பு திரும்ப ஏறுதா, மெஷின் கோளாறா? இன்னும் எவ்வளவு குறைக்கணும்?

தகடூர்வாசி:
ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி சாப்பிட்டிருக்கணும். நீங்க பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரும் குடலில் தங்கியதும்தான். ராத்திரி கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய் என்று உப்பு கூடினால் காலையில் ஒரு கிலோ கூடவே காட்டும்.

மெஷினையும் சோதிச்சிடுங்க. பாய், கார்பெட் மேல் வேண்டாம். சமமான சிமெண்ட் தரையில் நாலு காலும் படியணும். டைல்ஸ் இடுக்கில் ஒரு கால் நின்றாலே கணக்கு மாறும். முதலில் நீங்க மட்டும் ஏறுங்க, அடுத்து பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையோடு. வித்தியாசம் 5 வரணும். பையை மட்டும் வைத்துப் பார்க்காதீங்க, குறைந்த எடையை நிறைய மெஷின் சரியாகக் காட்டாது.

காலையில் கக்கூஸ் போய்விட்டு, எதுவும் குடிக்கும் முன் ஏறுங்க. ஏழு நாள் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்க. பஸ் ஸ்டாண்டில் காசு போட்டு, செருப்போடு ஏறும் மெஷின் இதில் சேர்த்தியில்லை.

காவேரிப்பட்டணம்:
உங்க பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் கணக்கு) இப்போ 27.5. இந்தியர்களுக்கு 25ஐத் தொட்டாலே உடல் பருமன் என்பதுதான் வழக்கமான கணக்கு. அதற்குக் கீழே வர 68 கிலோ. அவசரம் வேண்டாம், பத்து சதவீதம் குறைத்ததிலேயே சர்க்கரை, பிரஷர், ஈரல் கொழுப்பு அபாயம் நன்றாகவே இறங்கும். டேப்பால் வயிற்றை அளங்க: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டதும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80க்குள் இருக்கணும். பேன்ட் சைஸ் ஏமாற்றும், அது தொப்பைக்குக் கீழே நிற்கிறது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடுறீங்களா? எடை இறங்கினால் பழைய டோஸ் அதிகமாகித் தலைசுற்றும். நீங்களே நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்க.

பாலக்கோட்டான்:
மாத்திரை இல்லீங்க. அப்போ களியை விட்டுடணுமா?

தகடூர்வாசி:
விட வேண்டாம், அளங்க. ராகி மாவு 100 கிராமில் 320 கிலோகலோரிக்கு மேல். அரிசியும் கிட்டத்தட்ட அதே. ராகியில் லாபம் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும். களியை மெல்லாமல் விழுங்குவதால், வயிறு நிறைந்தது தெரியுமுன் ரெண்டாவது உருண்டையும் உள்ளே போயிடும். மாவாகவே 75 கிராம் நிறுத்து, ஒரே உருண்டை போடுங்க. நொய் சேர்த்தால் அதுவும் இந்த 75க்குள். மீதி வயிற்றுக்கு மொச்சை, கொள்ளு, கீரைக் கடைசல். பெங்களூரா மாம்பழம் சோற்றுக்குப் பதிலாக என்றால் சரி, சோற்றுக்கு மேல் என்றால் இல்லை. பாட்டில் மாம்பழ ஜூஸ் வேண்டவே வேண்டாம், பாதி சர்க்கரைத் தண்ணி.

இன்னொன்று: 75 கிலோ உடம்புக்கு 84 கிலோ உடம்பின் சாப்பாடு தேவையில்லை, பசி மட்டும் கூடுதலாக எடுக்கும். பழைய அளவுக்குப் போனால் எடையும் திரும்பும். தினம் ஒரு மணி நேர நடையோடு, தசை கரையாமல் இருக்க வாரம் ரெண்டு நாள் தண்டால், பஸ்கி. வாரச் சராசரி 77ஐத் தொட்டால் அன்றைக்கே மாவையும் எண்ணெயையும் மறுபடி நிறுக்க ஆரம்பிச்சிடுங்க, 80 வரை காத்திருக்காதீங்க.