கலாய்ப்பாங்கன்னு பயந்து மழுப்பிட்டேன், என்ன பண்றது?

காசிமேட்டுக்காரன்:
ராயபுரத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல வேலை, ஞானஸ்நானம் எடுத்து ரெண்டு வருஷம் ஆவுது, டிபன் பாக்ஸ தொறந்து கண்ண மூடுனா போதும், "அல்லேலூயா வந்துட்டாரு, எவ்ளோ பா குடுத்தாங்க"ன்னு ஆரம்பிச்சிடுவானுங்க. போன வாரம் ஒருத்தன் நேராவே சர்ச்சுக்கு போறியான்னு கேட்டான், எப்பவாச்சும்னு மழுப்பிட்டேன். நைட்டு தூக்கமே வரல.

பெரம்பூர் அக்கா:
தம்பி, இயேசுவோட சீஷன் பேதுருவும் குளிர் காஞ்சிக்கினு இருந்தப்ப ஒரு வேலைக்காரப் பொண்ணு கேட்டதுக்கே இயேசுவ தெரியாதுன்னவரு தான், மூணு தடவ. அதே ஆளு பைபிள்ல அப்போஸ்தலர் 4ம் அதிகாரத்துல யூதருங்களோட ஆலோசனை சங்கத்துக்கு முன்னாடி நிக்கிறாரு. சங்கத்துக்காரங்க மிரட்டி அனுப்புன அப்புறம் ஜெபத்துல பேதுருவும் கூட இருந்தவங்களும் கேட்டது பேசுறதுக்கு தைரியம். மொதல்ல நீ "ஆமா போறேன்"னு மட்டும் சொல்லு, பிரசங்கம்லாம் அப்புறம்.

வியாசர்பாடி:
சட்டப்படி பயப்பட ஒண்ணுமில்ல ப்ரோ. அரசியல் சாசனம் 25வது பிரிவுல மதத்த பின்பற்றவும் பரப்பவும் உரிமை இருக்கு. ஆனா 1977ல சுப்ரீம் கோர்ட், பரப்புறதுன்னா இன்னொருத்தர மதம் மாத்துற உரிமை இல்லன்னு சொல்லிடுச்சு. சொல்லலாம், திணிக்கக் கூடாது. கை வெச்சா மட்டும் கம்ப்ளைன்ட் குடு.

கூழ் ஊத்துறவன்:
நான் ஆடி மாசம் அம்மனுக்கு கூழ் ஊத்துற ஆளு, இங்க பேசலாமா தெரில. எங்க செட்ல ஒரு கிறிஸ்டியன் இருந்தான், அவனயும் ஓட்டுனோம் தான். எங்க அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப மூணு நைட்டு கூட இருந்தது அவன் ஒருத்தன் தான், அப்புறம் நாங்களே தான் கேட்டோம் உங்க சாமி என்னடா சொல்லுதுன்னு.

காசிமேட்டுக்காரன்:
அண்ணே தேங்க்ஸ். நாளைக்கு லஞ்ச்ல சர்ச்சு பத்தி கேட்டவன்கிட்டயே போய் உக்காரப் போறேன், வவுறு இப்பவே கலக்குது.