இரண்டாவது நுண்கணிதப் பாடம் கணிப்பொறியியல் மாணவருக்குத் தேவையா?

முதலாண்டு_மாணவன்:

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் கணிப்பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். 2021 ரெகுலேஷன், அதாவது அந்த ஆண்டின் பாடத்திட்ட விதிமுறைப்படி எங்களுக்கு முதல் செமஸ்டரில் அணிகளும் நுண்கணிதமும் சேர்ந்த தாள் இருந்தது. இப்போது புள்ளியியலும் எண்சார் முறைகளும் நடக்கின்றன. அடுத்து வருவது தனிநிலைக் கணிதம். ஆக, நுண்கணிதம் எங்களுக்கு ஒரே செமஸ்டரோடு முடிந்துவிடுகிறது. 2017 ரெகுலேஷனில் படித்த சீனியர்களுக்கு எம்-2 என்ற இரண்டாவது கணிதத் தாள் எல்லாப் பிரிவினருக்கும் கட்டாயமாக இருந்தது. அணிகளோடு வெக்டர் நுண்கணிதம், பகுமுறைச் சார்புகள், கலப்பெண் தொகையீடு, லாப்லாஸ் உருமாற்றம் ஆகியவை அதில் இருந்தன. தரவுகளைக் காட்டிக் கணினியைப் பழக்கும் எந்திரக் கற்றலில் எனக்கு ஆர்வம் உண்டு. மத்திய அரசின் ஸ்வயம் இணையவழிக் கல்வித் தளத்தில் இரண்டாவது நுண்கணிதப் பாடம் ஒன்றை நானாகவே எடுத்துப் படிக்கலாமா, அல்லது அந்த நேரத்தை நிரலெழுதுவதற்குச் செலவிடுவது நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கோவை_நிரலாளர்:

வேண்டாம் தம்பி. முதல் செமஸ்டர் தாளின் மூன்றாவது அலகை மறுபடி எடுத்துப் பாருங்கள். பகுதி வகைக்கெழு, முழு வகைக்கெழு, யாக்கோபியன், இரு மாறிகளுக்கான டெய்லர் தொடர், பெருமம் சிறுமம், லாக்ராஞ்சு பெருக்கி முறை என்று எந்திரக் கற்றலுக்கு வேண்டிய வகை நுண்கணிதம் அத்தனையும் அங்கேயே இருக்கிறது. எந்திரக் கற்றலில் பயன்படும் நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவிக்கும் பேக்ப்ராபகேஷன், பெயரில் இருக்கும் மிரட்டலை நீக்கிவிட்டுப் பார்த்தால், பல மாறிகளுக்கான சங்கிலி விதிதான். அதை நீங்கள் முழு வகைக்கெழு என்ற தலைப்பில் ஏற்கெனவே தேர்வெழுதிவிட்டீர்கள். இயல்நிலைப் பரவலின் வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பு ஒன்று என்று காட்டத் தேவைப்படும் போலார் மாற்றம்கூட ஐந்தாவது அலகின் இரட்டைத் தொகையீட்டில் வந்துவிட்டது.

எம்-2 தாளை நானும் எழுதித் தேறியவன்தான். ஓரலகுக் கனசதுரத்துக்குக் காஸ் விரிதல் தேற்றத்தைச் சரிபார்க்கச் சொல்வார்கள்; ஆறு முகங்களையும் வரிசையாகப் போட்டு, இரு பக்கமும் மூன்றில் பாதி வந்ததும் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு வெளியே வருவோம். அது எதற்கு என்று கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை. வேலையில் சேர்ந்தபின் கலப்பெண் தொகையீட்டை நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. முதுநிலைப் படிப்புக்கான கேட் நுழைவுத்தேர்வின் கணிப்பொறியியல் தாளிலும் எல்லை, தொடர்ச்சி, வகைமை, பெருமம் சிறுமம், சராசரி மதிப்புத் தேற்றம், தொகையீடு என்பதோடு நுண்கணிதம் நின்றுவிடுகிறது. 2024இல் புதிதாக வந்த தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவுத் தாளிலேயே ஒரு மாறிச் சார்புகளைத்தான் கேட்கிறார்கள். அந்த மாதங்களில் தரவுக் கட்டமைப்புகளை உருப்படியாகப் படியுங்கள்.

நெல்லைக்_கணித_ஆசிரியர்:

நிரலாளர் ஐயா பாடத்திட்டத்தின் தலைப்புகளைச் சரியாகவே வாசித்திருக்கிறார். ஆனால், தலைப்பு அச்சில் இருப்பதும் பொருள் மாணவரிடம் இருப்பதும் வேறு வேறு. அந்தத் தாளுக்கு மொத்தம் அறுபது வகுப்புகள், அலகு ஒன்றுக்குப் பயிற்சி வகுப்பையும் சேர்த்துப் பன்னிரண்டு. பன்னிரண்டு வகுப்புகளில் ஆய்லர் தேற்றத்தில் தொடங்கி லாக்ராஞ்சு வரை ஓட வேண்டியிருக்கும்போது, கணக்கு வகைகளைக் காட்டிவிட்டு நகர்வதைத் தவிர ஆசிரியருக்கு வேறு வழியில்லை. பகுதி வகைக்கெழுவை மாநிலப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு நூலிலேயே ஒரு முழு அத்தியாயமாகப் படித்துவிட்டுத்தான் மாணவர்கள் வருகிறார்கள். இரண்டு முறை சந்தித்த பிறகும் ‘ஒரு புள்ளியில் சார்பு எந்தத் திசையில் மிக வேகமாக ஏறுகிறது, ஏன் அந்தத் திசையில்?’ என்று கேட்டால் பெரும்பாலோர் விழிக்கிறார்கள்.

எந்திரக் கற்றலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஒரு மாறியின் வர்க்கத்தோடு இன்னொரு மாறியின் வர்க்கத்தை நூறு மடங்காக்கிக் கூட்டி, இரண்டால் வகுத்துக் கிடைக்கும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவின் எதிர்த்திசையில் சிறு சிறு அடிகளாக இறங்கிச் சிறுமத்தை அடைய வேண்டும்; சரிவை எந்த எண்ணால் பெருக்கி நகர்கிறோமோ அதுதான் அடியளவு. ஒவ்வோர் அடியிலும் முதல் மாறி, ஒன்றிலிருந்து அடியளவைக் கழித்தால் வரும் எண்ணால் பெருக்கப்படுகிறது. இரண்டாவது மாறி, ஒன்றிலிருந்து அடியளவின் நூறு மடங்கைக் கழித்தால் வரும் எண்ணால் பெருக்கப்படுகிறது. ஆகவே அடியளவு 0.02ஐத் தாண்டிய கணமே இரண்டாவது மாறி சிதறி ஓடத் தொடங்கும். 0.02க்குக் கீழே நிறுத்தினாலோ முதல் மாறி ஓர் அடிக்கு இரண்டு விழுக்காடுகூடக் குறையாமல் ஆமை வேகத்தில் நகரும். தரவுகளை ஏன் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பயிற்றுவிக்கச் சொல்கிறார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் பெருக்குத் தொடர்முறையின் ஒருங்குதலும் (ஒரே எண்ணால் திரும்பத் திரும்பப் பெருக்கும்போது மதிப்பு பூச்சியத்தை நெருங்குவது), இரண்டாம் வகைக்கெழு அணியின் ஐகன் மதிப்புகளும் (இங்கே ஒன்றும் நூறும்) ஒன்றாகச் சேர வேண்டும். முதல் அலகில் ஐகன் மதிப்பு இருக்கிறது, மூன்றாவது அலகில் வகைக்கெழு இருக்கிறது, ஆனால் இரண்டையும் சேர்த்துவைக்கும் இடம் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. இரண்டாவது பாடத்தின் வேலை அதுதான்.

அலைக்கம்பம்:

நான் மின்னணுத் தொடர்பியல் படித்தவன் என்பதால் ஒரு வார்த்தை மட்டும். எம்-2வை வீண் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட வேண்டாம். மின்காந்தவியலின் மாக்ஸ்வெல் சமன்பாடுகள் வெக்டர் நுண்கணிதத்தின் விரிதலாலும் சுழற்சியாலும் எழுதப்பட்டவை. அவை தெரியாமல் ஆன்டெனா பக்கமே வர முடியாது. கேட் தேர்வில் எங்கள் தாளுக்குக் காஸ், கிரீன், ஸ்டோக்ஸ் தேற்றங்கள் மூன்றும் உண்டு. எம்-2 போன பிறகு, மின்காந்தப் புலத் தாளின் முதல் அலகிலேயே இவற்றையெல்லாம் அவசர அவசரமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கணிப்பொறியியல் தம்பிக்கு இது தேவைப்படாமல் போகலாம். ஆனாலும் வரைபடச் செயலியில் ஒரு வயலின் எல்லைப் புள்ளிகளை மட்டும் கொடுத்தால் பரப்பு வந்து விழுகிறதே, அந்தச் சூத்திரம் கிரீன் தேற்றத்தின் நேரடி விளைவு.

கோவை_நிரலாளர்:

ஆசிரியர் ஐயாவின் எடுத்துக்காட்டு அழகானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் நாங்கள் பயிற்றுவிக்கும் வலையமைப்புகளின் இழப்புச் சார்பு, அதாவது பிழையை அளக்கும் சார்பு, அப்படி ஒரு கிண்ணம் போல வழவழப்பாக இருப்பதில்லை. அதற்குப் பல பள்ளங்களும் சமதளங்களும் உண்டு, ஆகவே 0.02 என்பது போன்ற கறாரான எல்லையை யாரும் தாளில் கணக்கிட்டுக் கண்டுபிடிப்பதில்லை. பைடார்ச் என்ற நிரல் தொகுப்பில், அடிகளைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆடம் முறையை அழைத்தால் அடியளவு 0.001 என்ற இயல்பு மதிப்போடு வருகிறது. அது சரிப்படாவிட்டால் பத்தால் பெருக்கியும் வகுத்தும் பார்க்கிறோம். வகைக்கெழுவை மென்பொருளே கண்டுவிடுகிறது. வலையமைப்பில் பயன்படுத்தும் ரெலு சார்புக்குப் பூச்சியத்தில் வகைக்கெழுவே கிடையாது; மென்பொருள் அங்கே பூச்சியம் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறது, ஒன்றும் இடிந்து விழவில்லை. நுண்கணிதத்தின் கறார்த்தன்மை இல்லாமலேயே இத்துறை இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது, முதலாண்டு மாணவரை ஏன் அதில் கட்டிப்போட வேண்டும்?

நெல்லைக்_கணித_ஆசிரியர்:

எல்லாவற்றையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்கள். பைத்தானில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்துக் கோடியில் ஒரு பங்கு ரேடியன் அளவுள்ள கோணத்தை எடுத்து, ஒன்றிலிருந்து அதன் கொசைனைக் கழித்து, கோணத்தின் வர்க்கத்தால் வகுங்கள். உண்மையான விடை கிட்டத்தட்ட அரை. கணினி தருவது பூச்சியம். பிழைச் செய்தி வராது, எச்சரிக்கையும் வராது. கொசைனின் டெய்லர் தொடரை எழுதிப் பார்த்தவருக்கு, ஒன்றுக்கும் அந்தக் கொசைனுக்கும் உள்ள வேறுபாடு பதினாறு இலக்கத் துல்லியத்துக்குள் அடங்காமல் தொலைந்துபோனது என்று உடனே தெரியும். பாதிக் கோணத்தின் சைன் வர்க்கத்தைக் கொண்டு மாற்றி எழுதிச் சரிசெய்தும் விடுவார். தொடரை அறியாதவர், பூச்சியம்தான் விடை என்று நம்பி அடுத்த வரிக்குப் போய்விடுவார். இது நிரலாளரின் வேலைதானே?

தரவுக் கட்டமைப்பைப் படிக்கச் சொன்னீர்கள், நல்லது. குவிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையின் சராசரி ஒப்பீடுகளைக் கணக்கிடும்போது ஒன்று, ஒன்றின் கீழ் இரண்டு, ஒன்றின் கீழ் மூன்று என்று போகும் இசைத்தொடரின் கூட்டல் வந்து நிற்கும். அது மடக்கையைப் போல மெல்ல வளர்கிறது என்பதைத் தொகையீட்டோடு ஒப்பிட்டுத்தான் காட்டுகிறோம். பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் 14.4ஐக்கூட எட்டாத அந்தத் தொடர் முடிவில்லாமல் வளரும் என்பதைக் கணினியில் ஓடவிட்டுக் கண்டறிய முடியாது, நிறுவித்தான் அறிய வேண்டும்.

ஒகையோத்_தமிழர்:

இங்கே ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்துகொண்டு, கால்குலஸ் இரண்டு வகுப்புக்குப் பயிற்சி நேரம் எடுக்கிறேன். நீங்கள் இருவரும் இரண்டு வேறு பாடங்களைப் பற்றி வாதிடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரலாளர் எதிர்ப்பது எம்-2வை; ஆசிரியர் ஆதரிப்பதோ ஏறக்குறைய இங்குள்ள இரண்டாவது பாடத்தை. இங்கே அதில் தொகையிடும் உத்திகள், முடிவிலி எல்லைத் தொகையீடுகள், தொடர்முறை, முடிவிலித் தொடர், டெய்லர் தொடர் ஆகியவைதாம் முதன்மை. வெக்டர் நுண்கணிதம் பெரும்பாலும் மூன்றாவது பாடத்துக்குப் போய்விடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ரெகுலேஷனில் முதல் செமஸ்டர் தாளிலேயே தொடர்களுக்கு ஓர் அலகு இருந்தது, 2017இல் அது எடுக்கப்பட்டுவிட்டது. எனவே தம்பி படித்த தாளிலும் சரி, சீனியர்களின் எம்-2விலும் சரி, தொடர்களின் ஒருங்குதல் கிடையாது.

அதற்காக இங்குள்ள பாடத்தை அப்படியே புகழவும் மாட்டேன். முக்கோணவியல் பிரதியிடல், பகுதிப் பின்னங்கள் என்று கணினி நொடியில் செய்துவிடும் வேலைக்குப் பல வாரங்கள் போகின்றன. ஒருங்குதல் சோதனைகளை மாணவர்கள் ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்துகொண்டு, எந்தத் தொடருக்கு எந்தச் சோதனை என்று குறி பார்க்கிறார்கள். நம்மூர் ஆறு முகக் கனசதுரத்துக்கு இது ஒன்றும் குறைந்ததல்ல. கணிப்பொறியியல் மாணவர் ஒருவர் கேட்டால், தொடர்கள் பகுதியை மட்டும் ஆழமாகப் படித்துவிட்டு, நேராகப் பல மாறி நுண்கணிதத்தில் கிரேடியன்ட் (சரிவு), திசை வகைக்கெழு, இரண்டாம் வகைக்கெழு அணி ஆகியவற்றுக்குத் தாவிவிடச் சொல்வேன். சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பின் இரண்டாவது கணிதத் தாளும் நேரியல் இயற்கணிதத்தையும் இவற்றையும் ஒரே தாளில் வைத்திருக்கிறது. எனக்கு அது நல்ல சேர்க்கையாகப் படுகிறது.

கோவை_நிரலாளர்:

இப்படிப் பிரித்துச் சொன்னால் என் எதிர்ப்பு குறைகிறது, முற்றிலும் போய்விடவில்லை. கொசைன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், பூச்சியம்தான் வந்தது. ஆனால் அதற்கு டெய்லர் தொடர் என்ற ஒரே அத்தியாயம் போதும், பன்னிரண்டு வாரப் பாடம் எதற்கு? தம்பி முதலில் இரண்டு அடுக்குள்ள ஒரு சிறு வலையமைப்புக்கு வகைக்கெழுக்களைத் தாளில் எழுதி, நிரலில் போட்டு, மாறியைச் சிறிதளவு நகர்த்திக் காணும் எண்சார் வகைக்கெழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அது கைகூடினால் அவருக்குப் பாடம் தேவையில்லை. எங்கே தடுக்கி விழுகிறாரோ அந்த அத்தியாயத்தை மட்டும் அமெரிக்காவின் எம்ஐடி இலவசமாகப் போட்டிருக்கும் விரிவுரைகளில் பார்த்துக்கொள்ளலாம்.

நெல்லைக்_கணித_ஆசிரியர்:

தடுக்கிய இடத்தை மட்டும் படித்துக்கொள்ளலாம் என்பது, தடுக்கியது தெரிகிறவருக்குத்தான் பொருந்தும். பூச்சியத்தைப் பார்த்து விடை என்று நம்பியவருக்குத் தாம் விழுந்ததே தெரியாது. வாரந்தோறும் கணக்குகளைச் செய்து அனுப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் விரிவுரைகளை மட்டும் பார்க்கும் மாணவர்கள் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடுவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலாண்டு_மாணவன்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நிரலாளர் அண்ணா சொன்ன இரண்டு அடுக்கு வலையமைப்பை எழுதிப் பார்த்தேன். வகைக்கெழுக்கள் எண்சார் மதிப்போடு ஒத்துவந்தன. ஆனால் அடியளவைக் கூட்டியபோது இழப்பு குறைவதற்குப் பதிலாக ஏறியது. எந்த அளவில் அது ஏறத் தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்ல எனக்குத் தெரியவில்லை, ஆசிரியர் ஐயாவின் எடுத்துக்காட்டை வைத்து முயன்றும் ஐகன் மதிப்பு வரை போக முடியவில்லை. ஆகவே தொடர்களும் பல மாறி நுண்கணிதமும் உள்ள பாடம் ஒன்றில் சேரப் போகிறேன். ஸ்வயத்தில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் உண்டு என்பதால், வாரக் கணக்குகளைச் செய்துவிட்டுத் தேர்வை விட்டுவிடலாமா?

அலைக்கம்பம்:

விட்டுவிடலாம். ஸ்வயத்தில் ஐஐடிகளின் என்பிடெல் நடத்தும் பாடங்களில், இறுதி மதிப்பெண்ணில் வாரக் கணக்குகளுக்கு நூற்றுக்கு இருபத்தைந்துதான், எழுபத்தைந்து தேர்வுக்கு; செமஸ்டர் தேர்வுக்குப் படிக்கிற நேரத்தில் அந்தப் பதற்றம் வேண்டாம்.

நெல்லைக்_கணித_ஆசிரியர்:

எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் செமஸ்டரில் அரியர் எதுவும் விழாது என்ற உறுதி இருந்தால் தேர்வுக்கும் பதிந்துகொள்ளுங்கள். கடைசி நாள் வரை முடிவைத் தள்ளிப்போடலாம், ஆனால் நான்காம் வாரக் கணக்குகளை முடிக்கும் முன் விலகுவதில்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.