கேன்ஸில் விருது வாங்கியும் ஆறு வருடம்: ஆஸ்திரேலியாவில் குறும்படம் எடுத்து என்ன பயன்?

தெக்கத்திக்காரன் (மெல்பர்ன்)

என் அக்கா மகன் இங்கேதான் சினிமா படித்தான். இரண்டு குறும்படம் எடுத்தாயிற்று. மூன்றாவதுக்கு என்னிடம் பன்னிரண்டாயிரம் டாலர் கேட்கிறான். "மாமா, இது மட்டும் ஒரு பெரிய விழாவுக்குப் போய்விட்டால் நேராகப் பெரிய படம்தான்" என்கிறான். பணம் போனால் போகிறது, அந்த "நேராக" என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. அவன் சின்ன வயதில் ஊருக்குப் போனபோதெல்லாம் டிவியில் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி பார்த்து வளர்ந்தவன். இன்றைக்குக் குறும்படம், நாளைக்கு தியேட்டர் என்று மனதில் பதிந்துவிட்டது.

இந்த ஊரில் அப்படி நடக்கிறதா என்று கொஞ்சம் தேடினேன். கிளெண்டின் ஐவின் என்பவர் 'கிராக்கர் பேக்' என்ற குறும்படத்துக்காக 2003இல் கேன்ஸில் தங்கப் பனை வாங்கினார். குறும்படத்துக்கு அதைவிடப் பெரிய விழா விருது கிடையாது. அவருடைய முதல் முழுநீளப் படம் 'லாஸ்ட் ரைட்' வந்தது 2009இல். சரி, அது பழைய கதை என்று விட்டுவிட்டால், 2018இல் அதே விருதை 'ஆல் தீஸ் கிரீச்சர்ஸ்' படத்துக்கு வாங்கிய சார்லஸ் வில்லியம்ஸ் இருக்கிறார். அவருடைய முதல் முழுப்படம் 'இன்சைட்' மெல்பர்ன் விழாவில் திரையேறியது 2024இல். இருவருக்கும் அச்சு அசலாக ஆறு வருடம்.

பள்ளியில் முதல் மார்க் வாங்கியவனுக்கே ஆறு வருடம் வேலை கிடைக்கவில்லை என்றால் மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? என் கட்சி இதுதான்: இங்கே குறும்படம் ஏணி இல்லை, விலை கூடிய விசிட்டிங் கார்டு. அந்தப் பணத்தில் ஆறு மாத வாடகையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து முழுப்படத்துக்குத் திரைக்கதை எழுதட்டும்.

நந்தியாவட்டை (சிட்னி)

எடிட்டிங் அறைகளில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஆறு வருடம் "வேலை கிடைக்கவில்லை" என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். எழுதுவது, திருப்பி எழுதுவது, பணம் சேர்ப்பது, நடிகர் தேதி கொடுப்பது, எல்லாம் அந்த ஆறு வருடத்துக்குள்தான் நடக்கிறது.

ஜெனிஃபர் கென்ட்டைப் பாருங்கள். 2005இல் 'மான்ஸ்டர்' என்று ஒரு கறுப்பு வெள்ளைக் குறும்படம். ஒரு தாய், ஒரு பையன், வீட்டுக்குள் ஒரு பூதம். 2014இல் அதே தாயும் பையனும் பூதமும் 'தி பாபடூக்' ஆனார்கள். ஒன்பது வருடம்! அந்தக் குறும்படத்தை விசிட்டிங் கார்டு என்பீர்களா? விதைநெல் அது.

ஜேன் கேம்பியன் நியூசிலாந்தில் பிறந்தவர், படித்தது சிட்னியில் அரசுத் திரைப்படப் பள்ளியில். மாணவியாக எடுத்த 'பீல்' 1982இல் முடிந்தது, கேன்ஸில் தங்கப் பனை கிடைத்தது 1986இல், சினிமாவுக்கான முதல் முழுநீளப் படம் 'ஸ்வீட்டி' 1989இல். உங்கள் கணக்குப்படி அவரும் தேறாத பிள்ளையா?

ஐவின் கதையையும் 2009இல் நிறுத்திவிட்டீர்கள். அப்புறம் 'பியூபர்ட்டி புளூஸ்', 'கலிப்போலி', 'தி க்ரை' என்று டிவியில் தொடர்ந்து இயக்கினார். 2002இல் ட்ராப்ஃபெஸ்ட் குறும்பட விழாவில் ஜெயித்த எமா ஃப்ரீமனும் அதே டிவி வழிதான். இங்கே இயக்குநர்களுக்கு வீட்டு வாடகை கட்டுவது பெரும்பாலும் டிவி. தியேட்டரில் பெயர் வந்தால்தான் தொழில் என்று நினைப்பது நம் ஆட்களின் கண்ணோட்டம்.

ஏழுநிமிடம் (பிரிஸ்பேன்)

இருவரும் விழாவையே சுற்றி வருகிறீர்கள். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், ட்ராப்ஃபெஸ்ட்டுக்குப் படம் எடுத்து வளர்ந்த ஆள் நான். ஏழு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, அந்த வருடம் விழாக்காரர்கள் சொல்கிற ஒரு பொருள் படத்துக்குள் இருக்க வேண்டும், அதுதான் விதி. 1993இல் சிட்னியில் ஒரு காபிக் கடையில் தொடங்கியது, பூங்கா நிறையக் கூட்டம் என்று வளர்ந்தது. 2015 நவம்பரில் காசில்லை என்று திடீரென ரத்து செய்தார்கள். ஒரு காப்பீட்டு நிறுவனம் கைகொடுத்து அடுத்த பிப்ரவரியில் நடந்தது. 2019க்குப் பிறகு பல வருடம் நடக்கவே இல்லை. அதை நம்பி எழுதி வைத்த ஏழு நிமிடக் கதைகள் என் டிராயரில் கிடக்கின்றன. வேறொரு விழாவுக்குக் கட்டணம் கட்டி அனுப்பினேன், வேண்டாம் என்றுகூட ஒரு வரி எழுதவில்லை.

அடிலெய்டின் ஃபிலிப்போ இரட்டையர்கள் எந்த விழாவைக் கேட்டார்கள்? ராக்காராக்கா என்ற யூடியூப் சேனலில் வீட்டுக் கொல்லையில் அடிதடி வீடியோ போட்டுக்கொண்டிருந்தவர்கள். முதல் படமான 'டாக் டு மீ' 2023 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் ஓடியது, ஏ24 என்ற அமெரிக்க சினிமாக் கம்பெனி வாங்கியது. மெல்பர்னில் படித்த ஜேம்ஸ் வானும் லீ வானலும் 'சா' படத்துக்கு இங்கே காசு புரளாமல், 2003இல் ஒரே ஒரு காட்சியைக் குறும்படமாக எடுத்து லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டு போனார்கள். அடுத்த வருடமே படம் வெளியானது. ஆறு வருடமாவது ஒன்றாவது!

'கார்கோ' இன்னொன்று. 2013 ட்ராப்ஃபெஸ்ட்டில் இறுதிச் சுற்று வரை வந்தது, ஜெயிக்கவில்லை. அந்த வருடப் பொருள் பலூன். ஜாம்பி கடித்த தகப்பன் முதுகில் குழந்தையைச் சுமந்து நடக்கிற கதை, பலூனை எப்படிக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அழுதுவிடுவீர்கள். விழாவில் தோற்றது யூடியூபில் பரவியது, நெட்ஃபிளிக்ஸ் படமானது. அக்கா மகனிடம் சொல்லுங்கள் அண்ணா, படத்தை நேராக இணையத்தில் போடச் சொல்லி.

நந்தியாவட்டை

தம்பி, 'கார்கோ' குறும்படம் 2013, முழுப்படம் 2018இல்தான் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. உங்கள் யூடியூப் பாதையிலும் ஐந்து வருடம் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது. 'சா' ஒரு வருடத்தில் ஆனது உண்மை, ஆனால் அது இங்கே ஆகவில்லை. தெக்கத்திக்காரன் கேட்பது ஆஸ்திரேலியாவைப் பற்றி.

கணக்கர்

படம் பார்ப்பதோடு சரி, தொழில் வரிக் கணக்கு. ஏன் இவ்வளவு வருடம் ஆகிறது என்பதற்கு என் பக்கத்திலிருந்து ஒரு காரணம்.

இங்கே ஒரு முழுநீளப் படத்துக்குப் பணம் ஒரே இடத்திலிருந்து வராது. மத்திய அரசின் திரைப்பட அமைப்பான ஸ்கிரீன் ஆஸ்திரேலியா கொஞ்சம், மாநில அமைப்பு கொஞ்சம், விநியோகஸ்தர் முன்பணம் கொஞ்சம், மிச்சம் வரிச்சலுகை. தயாரிப்பாளருக்கான அந்தச் சலுகை, தியேட்டர் படம் என்றால், இந்த நாட்டில் செய்த தகுதியுள்ள செலவில் 40 சதவீதம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் குறைந்தது 5 லட்சம் டாலர் செலவாகியிருக்க வேண்டும், கம்பெனியாகப் பதிந்திருக்க வேண்டும், படம் முடிந்த பிறகு கம்பெனியின் வரித் தாக்கலில்தான் பணம் கைக்கு வரும். அதுவரை அந்த நாற்பதை நம்பிக் கடன் வாங்கிப் படம் எடுப்பார்கள், வட்டி ஓடும். ஒருவர் "சரி" சொன்னால்தான் அடுத்தவர் "சரி" சொல்வார். யாராவது பின்வாங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நடிகர்களை வைத்து எடுக்கிற குறும்படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. மானியம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் சொந்தக் காசு, அல்லது மாமா.

தெக்கத்திக்காரன்

கணக்கரே, கடைசி வார்த்தை நெஞ்சில் தைத்தது. ஆனால் நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். முழுப்படத்தின் பூட்டு பணத்தில் இருக்கிறது என்றால், குறும்படம் எந்தச் சாவி?

ஒடியல்கூழ் (மெல்பேர்ண்)

நான் கொஞ்சம் பிந்தி வந்து கதைக்கிறன், மன்னிக்கவும். எல்லாரும் இயக்குநரின்ர திறமையைப் பற்றியும் விருதைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறியள். அவுஸ்திரேலியாவில் ஏணி ஒண்டு உண்மையா இருந்தது. ஆனா அது தானா முளைக்கேல்லை, கட்டினவங்கள்.

வோரிக் தோர்ன்டன் அலிஸ் ஸ்பிரிங்ஸில பழங்குடியினர் ஊடக அமைப்பான காமாவில பழகி, கமராக் கலை படிச்ச ஆள். அவுஸ்திரேலியத் திரைப்பட ஆணைக்குழுவில 1993இல பூர்வகுடியினருக்கெண்டு ஒரு பிரிவு தொடங்கினவை. அந்தப் பிரிவு 1996இல பூர்வகுடி இயக்குநர்களின்ர குறும்படங்கள் ஆறைத் தொகுத்து ஒரு வரிசையாக் கொண்டு வந்தது. தோர்ன்டனின்ர 'பேபாக்' அதில ஒண்டு. இரண்டு வருசம் கழிச்சு அடுத்த வரிசை, அதில ஐவன் சென்னின்ர 'டியர்ஸ்'. சென் 2002இல 'பினீத் கிளவுட்ஸ்' எண்ட முழுப்படத்தோட பேர்லின் திரைப்பட விழாவுக்குப் போனார். தோர்ன்டன் இன்னும் சில குறும்படம் எடுத்து, பேர்லினில இரண்டுக்குப் பரிசும் வாங்கி, 2009இல 'சாம்சன் அன்ட் டிலைலா'. கேன்ஸில முதல் படத்துக்கான தங்கக் கமரா அதுக்குத்தான்.

1996இல இருந்து 2009, பதின்மூண்டு வருசம். அந்தப் பதின்மூண்டு வருசமும் ஆரோ ஒருத்தர் அடுத்த படத்துக்குக் காசு தந்து கொண்டிருந்தவை. இல்லாட்டி அவர் எங்கட கண்ணில படாமலே போயிருப்பார். உங்கட மருமகனுக்கு அந்த இடைக்காலத்தை ஆர் தாங்கிறது? வசதியான வீட்டுப் பிள்ளையெண்டால் தகப்பன் தாங்குவார். அகதியா வந்து பேக்கரியில நிண்ட ஆக்களின்ர பிள்ளையள் மூண்டாவது குறும்படத்தோட கணினி வேலைக்குப் போயிடுங்கள். எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் அப்பிடித்தான் போனவன். நல்ல கண் இருந்த பெடியன்.

ஏழுநிமிடம்

அண்ணா, அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. கோரன் ஸ்டோலெவ்ஸ்கி மாசிடோனியாவிலிருந்து பன்னிரண்டு வயதில் மெல்பர்ன் வந்தவர். சுமார் இருபத்தைந்து குறும்படம் எடுத்தவர்! 2018இல் ஒன்றுக்கு சன்டான்ஸ் பரிசு. 2022இல் முதல் படம் 'யூ வோன்ட் பி அலோன்', அதே வருடம் மெல்பர்ன் விழாவின் தொடக்கப் படமாக இரண்டாவது, 2023இல் மூன்றாவது. வசதி இல்லாதவனும் தாங்கலாம்.

ஒடியல்கூழ்

தம்பி, இருபத்தைஞ்சு எடுத்தும் வெளியில வராத ஆக்களின்ர பேர் எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாத்தானே எண்ணலாம்.

நந்தியாவட்டை

ஸ்டோலெவ்ஸ்கியின் பெயரைப் பார்த்ததும் ஒன்று உறைத்தது. இதுவரை இந்த இழையில் வந்த படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாபடூக்', 'கார்கோ', 'யூ வோன்ட் பி அலோன்', 'டாக் டு மீ'. ஒன்று விழா வழி, ஒன்று யூடியூப் வழி என்று நாம் அடித்துக்கொண்டோம். நான்கின் பின்னாலும் ஒரே கம்பெனி, காஸ்வே ஃபிலிம்ஸ். கிறிஸ்டினா செய்ட்டன், சமந்தா ஜென்னிங்ஸ் என்று இரண்டு பெண்கள் நடத்துவது. ராக்காராக்கா பையன்கள் 'பாபடூக்' படப்பிடிப்பில் எடுபிடி வேலை பார்த்தவர்கள், தெரியுமா ஏழுநிமிடம்? கொல்லையிலிருந்து சன்டான்ஸுக்குத் தாவவில்லை. நடுவில் ஒரு வாசல் இருந்தது.

தோர்ன்டனுக்கும் அப்படித்தான். அவருடைய 'கிரீன் புஷ்', 'நானா' குறும்படங்களுக்கும் 'சாம்சன் அன்ட் டிலைலா'வுக்கும் தயாரிப்பாளர் ஒருவரே, கேத் ஷெல்பர்.

தெக்கத்திக்காரன் கேட்ட சாவி இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. குறும்படத்தை ஊர் பார்க்க வேண்டியதில்லை, விழா பார்ப்பதும் இரண்டாம் பட்சம். கணக்கர் சொன்ன நான்கு கதவையும் ஐந்தாறு வருடம் சலிக்காமல் தட்டக்கூடிய ஒரு ஆள் பார்க்க வேண்டும். அந்த ஆளோடு சேர்ந்தே எடுத்தால் இன்னும் நல்லது.

கணக்கர்

ஒப்புக்கொள்கிறேன். காகிதத்தில் படம் எடுப்பது எப்போதும் கம்பெனிதான், இயக்குநர் இல்லை.

ஏழுநிமிடம்

எடுபிடி விஷயம் எனக்குத் தெரியாது. சரி. ஆனாலும் அவர்கள் சேனலைப் பார்த்துத்தான் நம்பியிருப்பார்கள், எதையும் எடுக்காதவனை யார் சேர்த்துக்கொள்வார்கள்? அதனால் குறும்படம் வேண்டாம் என்கிற தெக்கத்திக்காரன் கட்சிக்கு என் ஓட்டு கிடையாது.

இன்னொன்று. ஏன் எல்லாரும் குறும்படத்தைப் பெரிய படத்துக்குப் போகிற பஸ் மாதிரியே பேசுகிறோம்? மெல்பர்னின் ஆடம் எலியட் களிமண் பொம்மைகளை வைத்து 'ஹார்வி கிரம்பெட்' எடுத்து 2004இல் ஆஸ்கர் வாங்கினார். 2009இல் முழுப்படம் 'மேரி அன்ட் மேக்ஸ்'. அதன் பிறகும் 2015இல் திரும்பி வந்து 'எர்னி பிஸ்கட்' என்று ஒரு குறும்படம் எடுத்தார், அப்புறம்தான் 2024இல் 'மெமொயர் ஆஃப் எ ஸ்னெய்ல்'. பெரிய படம் எடுத்தவர் சின்னதுக்கு இறங்கி வந்தார் என்று அவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

தெக்கத்திக்காரன்

நேற்று இரவு பையனைக் கூப்பிட்டேன். திட்டவில்லை. எலியட் கதையைச் சொன்னேன், அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, காஸ்வேயும் தெரிந்திருந்தது. அப்புறம் கேட்டேன், "உன் மூன்று கதைக்கும் தயாரிப்பாளர் யாருடா?"

"நான்தான் மாமா."

"மூன்றுக்குமா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. வகுப்பில் தயாரிப்புப் படித்த ஒரு பெண் முதல் படத்திலேயே சேர்ந்துகொள்கிறேன் என்று கேட்டாளாம். கதையில் தலையிடுவாள் என்று இவன் வேண்டாம் என்றிருக்கிறான். அவள் இப்போது ஒரு டிவி தொடரில் வேலை பார்க்கிறாளாம்.

அவளைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, காசைப் பற்றி அப்போது பேசலாம் என்றேன். அவள் வருவாளா என்று தெரியாது என்கிறான்.

ஒடியல்கூழ்

வந்தால், கூழ் காய்ச்சிக் கொண்டு நானும் வாறன்.