தரம்பார்த்தல்: திரை போதுமா, பியூரெட் வேண்டுமா?

கேள்வி
மேல்நிலை மாணவர்களுக்குத் தரம்பார்த்தலை (செறிவு தெரிந்த கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டறிவதை) முழுக்கக் கணினி உருவகத்திலேயே நடத்தலாம் என்கிறார்கள். கண்ணாடி உடையாது, அமிலம் தெறிக்காது, ஒரே பாடவேளையில் பத்து முறை செய்து பார்க்கலாம். எல்லாம் சரிதான், ஆனால் மனம் ஒப்பவில்லை. திரையில் மட்டும் பழகியவர் கையில் பியூரெட்டை (அளவுக்கோடுகளும் அடியில் திருகும் உள்ள நீண்ட கண்ணாடிக் குழாயை) கொடுத்தால் எங்கே தடுமாறுவார்? எதைத் திரைக்கு விட்டுவிடலாம்?

பதில் 1
தொடக்கத்திலேயே தடுமாறுவார். திரையில் பியூரெட் எப்போதும் சுத்தமாக, சுழியில் நிற்கும். நிஜத்தில் அதை ஊற்றப்போகும் கரைசலாலேயே 5 மிலி வீதம் இரண்டு முறை அலச வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒட்டிய தண்ணீர், உள்ளே ஊற்றும் 0.1 மோலார் (மோலார் என்பது செறிவின் அலகு) சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை நீர்த்துப்போகச் செய்யும். அமிலம் வைக்கும் கூம்புக் குடுவைக்கு நேர்மாறு: காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். அதையும் அமிலத்தால் அலசினால், பிப்பெட் (குறிப்பிட்ட அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்) அளந்த 20 மிலிக்கு மேல் அமிலம் சேர்ந்துவிடும்.

அடுத்தது முனையில் ஒளிந்திருக்கும் காற்றுக்குமிழ். திருகைச் சட்டென்று முழுக்கத் திறந்தால் வெளியேறிவிடும். விட்டுவைத்தால் பாதியில் வெளியேறி, குடுவையில் விழாத 0.3 மிலியையும் விழுந்ததாகக் காட்டும். 20 மிலிக்கு அது 1.5 சதவீதப் பிழை. பியூரெட்டை நிரப்ப வைத்த புனலை எடுக்க மறந்தால் பிழை எதிர்ப்பக்கம்: அதில் தொங்கும் துளி நடுவில் விழுந்து அளவைக் குறைத்துக் காட்டும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது முடிவுநிலை, அதாவது வினை முடிந்ததை நிறமாற்றம் காட்டும் கட்டம். நிறங்காட்டியாக பினாப்தலீன் 2 சொட்டு போதும். வெளிர் இளஞ்சிவப்பு, சுழற்றிய பிறகும் அரை நிமிடம் நிற்க வேண்டும். சற்று நேரம் கழித்து அது மங்குவது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால். அதைப் பார்த்து இன்னொரு சொட்டு விட்டால் கணக்கு கெட்டது. உருவகத்தில் நிறம் ஒரு எண்ணைத் தாண்டியதும் மாறி அப்படியே நிற்கும். எப்போது நிறுத்துவது என்ற அந்தத் தயக்கத்தை அங்கே பழகவே முடியாது.

பதில் 2
மேலே சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) வளைவைத் திரைக்கே விடுங்கள். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மிலிக்கு அதே செறிவுள்ள காரத்தை 19.9 மிலி விட்டால் பி.எச். 3.6, 20.1 மிலியில் 10.4. நான்கு சொட்டுக்குள் நிகழும் இந்தத் தாவலைக் கண் பிடிக்காது, வரைபடம் பிடிக்கும். அசெட்டிக் அமிலத்துக்கு மாற்றிப் பார்த்தால் சமான நிலைப் புள்ளி (அமிலமும் காரமும் சரியாக ஈடாகும் இடம்) பி.எச். 8.7 பக்கம் நகரும். மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டி அங்கே ஏன் உதவாது என்பது அப்போது தானாகப் புரியும். முதலில் இதைக் காட்டிவிட்டு அப்புறம் பியூரெட்டைக் கொடுங்கள்.

பதில் 3
கரைசல் செலவுதான் தடை என்றால் பிப்பெட்டை 10 மிலியாக்கலாம். அதற்கும் கீழே போக வேண்டாம். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மிலி, 20 மிலியில் அது 0.25 சதவீதம், 5 மிலியில் 1 சதவீதம். பிறகு ஒத்த அளவீடுகள் கிடைப்பதே கடினம்.

கேட்டவர்
நன்றி. பிப்பெட் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளலாமா?

பதில் 1
கூடாது. நுனியைக் குடுவையின் உள்சுவரில் தொட்டுப் பிடித்தால் போதும். சாதாரண ஒற்றைக்கோட்டுப் பிப்பெட்டில் அந்த எச்சத்தைக் கழித்தே கோடு போட்டிருப்பார்கள். உறிஞ்சுவதற்கும் வாய் வேண்டாம், ரப்பர் பல்பு வையுங்கள்.