தென்னங்குருத்தை அறுத்துப் பார்த்தபோது: ஓலை கீற்றுகளாகப் பிரியும் விதம்

முருங்கையில் கூட்டிலை உருவாகும்போது, ஒவ்வொரு சிற்றிலையும் இளம் இலையின் விளிம்பில் தனித்தனி முகையாகவே அரும்புகிறது. தென்னையோலைக்கும் அதே விதியைப் பொருத்திப் பார்ப்பது இயல்புதான். ஆனால் புயலில் சாய்ந்த ஒரு தென்னையின் உச்சியைப் பிளந்து, வெளிவராத குருத்தோலைகளை ஒன்றன்பின் ஒன்றாக உரித்தபோது நான் கண்டது முற்றிலும் வேறொரு முறை.

வெளிப்புறக் குருத்துகளில் கீற்றுகள் பிரிந்து, நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. உள்ளே செல்லச் செல்ல அந்தப் பிரிவு குறைந்துகொண்டே வந்தது. மிகச் சிறிய, வெளிறிய ஓலை ஒன்றைப் பிளேடால் மெல்லிய சீவலாகக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது, அங்கே கீற்று என்று எதுவுமே இல்லை. ஒரே தாள், புடவைக் கொசுவம்போல் மேலும் கீழும் மடிந்து, அறுபடாமல் தொடர்ந்து சென்றது. இலையலகின் சில பகுதிகள் மற்றவற்றைவிட விரைந்து வளர்வதால்தான் இந்த மடிப்புகள் எழுகின்றன என்பதைத் தாவரவியலாளர்களான டொனால்ட் காப்லனும் டெங்லர் இணையரும் 1982இல் விரிவாக நிறுவினார்கள். திசு பிளவுபடுவதால்தான் மடிப்பு உண்டாகிறது என்ற பழைய கருத்துக்கு அது தெளிவான மறுமொழி.

மடிப்பு முழுமையடைந்த பிறகே பிரிவு தொடங்குகிறது. மடிப்பு முகடுகளின் வழியே செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. வாழையிலையைக் காற்று கிழிப்பதுபோன்ற செயல் இதில் இல்லை. ஓலை காற்றைக் காணும் முன்பே, குருத்துக்குள் இருட்டிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. விளிம்பில் மட்டும் ஓர் ஒடுங்கிய பட்டை பிரியாமல் நின்று கீற்று நுனிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும். பனைக் குடும்பத்தின் பல இனங்களில் ஓலை விரியும்போது அதுவே காய்ந்த நாராகத் தொங்கி உதிர்கிறது.

எந்த முகட்டில் பிரிகிறது என்பதில் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. தென்னையிலும் கமுகிலும் கீழ்ப்பக்க முகட்டில் பிரிவதால், ஈர்க்கு மேலே நிற்க, கீற்று கூரைபோல் இருபுறமும் சரிகிறது. பேரீச்சையில் மேல்முகடு பிரிவதால், கீற்று வாய்க்கால்போல் மேல்நோக்கித் திறந்திருக்கிறது. ஒரு கீற்றைக் கையில் எடுத்தாலே இதை உறுதி செய்துகொள்ளலாம்.

தென்னங்கன்றின் முதல் இலைகள் பிரியாமலே வெளிவருவதன் காரணமும் இதில் விளங்கும்: அவற்றில் மடிப்பு உண்டு, பிரிவு மட்டும் நிகழ்வதில்லை. விரைவில் இலை பிரியும் கன்றுகளையே வீரியமானவை என்று நாற்றங்காலில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

குருத்தை அறுத்துப் பார்க்க விரும்புவோர் சாய்ந்த மரத்தையே நாட வேண்டுகிறேன். தென்னைக்கு வளர்நுனி ஒன்றுதான்; அதை வெட்டினால் மரம் பட்டுப்போகும்.