ஸ்டாண்ட்-அப் காமெடிக்குத் தமிழில் என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நாடகவியல் மாணவர்களுக்கான நூல் ஒன்றில், அமெரிக்க மேடை நகைச்சுவை பற்றிய இயலை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதிப்பாசிரியரிடம் ஒப்படைத்தாக வேண்டும். லென்னி புரூஸ், ஜார்ஜ் கார்லின், ரிச்சர்ட் பிரையர் மூவரும் அந்தக் கலையை எவ்வாறு மாற்றினார்கள் என்பதே இயலின் பொருள். ‘ஸ்டாண்ட்-அப் காமெடியன்’ என்ற சொல் நாற்பது இடங்களுக்கு மேல் வருகிறது. ‘நகைச்சுவை நடிகர்’ என்று எழுதினால் திரைப்படத்தில் வேடம் ஏற்பவர் என்றே மாணவர்கள் கொள்வார்கள். ‘நகைச்சுவையாளர்’ என்றால் நகைச்சுவை எழுதுகிறவரும் அதற்குள் வந்துவிடுகிறார்.

இவர்கள் செய்தது வேறு: தனியாக மேடையேறி, அவையை நேரே பார்த்துப் பேசியே சிரிக்க வைத்தார்கள். 1967இல் லாஸ் வேகாஸ் மேடையிலிருந்து நிகழ்ச்சிக்கு நடுவே இறங்கிப் போனவர் பிரையர். பிறகு அவர், யாரும் யாரிடமும் சொல்லக்கூடிய பொதுவான துணுக்குகளை விட்டுவிட்டு, இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் தம் பாட்டி நடத்திய பரத்தையர் விடுதியில் தாம் வளர்ந்த கதையையே பேசத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் பலருக்கும் சொந்த வாழ்க்கையே மூலப்பொருள் ஆனது. இப்போதைக்கு ‘நின்றுரை நகைச்சுவை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுதிய எனக்கே அதில் நிறைவில்லை. உதவ வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

அம்மா, ஆங்கிலச் சொல்லைப் பிளந்து துண்டுக்குத் துண்டு தமிழ் தேடுவதற்கு முன், நம் வீட்டுப் பரணில் இருப்பதை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடலாம். தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்காகப் பகுக்கிறது. அவற்றுள் மூன்றாவது ‘பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி’. நான்காவது ‘பொருளொடு புணர்ந்த நகைமொழி’. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். பொய்ம்மொழி முழுக்கக் கட்டியது. நகைமொழியோ பொய்யென்று தள்ளப்படாமல், மெய்யென்றே கொள்ளப்பட்டு, நகைக்கு ஏதுவாவது என்று உரைகாரர் வேறுபடுத்துகிறார். தாம் வளர்ந்த விடுதியைப் பற்றிப் பிரையர் பேசியதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் அறியேன். ‘நகைமொழி’ கலையைக் குறிக்கட்டும், ‘நகைமொழியர்’ கலைஞரைக் குறிக்கட்டும்.

நாடக ஆசிரியர், புதுச்சேரி:

‘நின்று’ என்ற வினையெச்சம் வேண்டவே வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மேடைக் கலைஞர் ஷெல்லி பெர்மன் உயரமான முக்காலி ஒன்றில் அமர்ந்து, இல்லாத தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசுவார். 1959இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. ஜப்பானில் ‘ரகுகோ’ கலைஞர் மெத்தையில் மண்டியிட்டு அமர்ந்து, ஒரு விசிறியையும் ஒரு கைத்துண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் நிகழ்த்துகிறார். பிரையரே கூட, 1978 டிசம்பரில் லாங் பீச் அரங்கில் படமாக்கப்பட்டு அடுத்த ஆண்டு வெளியான நிகழ்ச்சியில், தமக்கு வந்த மாரடைப்பைச் சொல்லும்போது நிற்கவில்லை. இதயம் ஓர் அடியாளின் குரலில் “மூச்சு விடாதே” என்று அவரை மிரட்டுகிறது; அவர் கெஞ்சுகிறார்; முழங்கால் மடங்குகிறது; மார்பைப் பிடித்தபடி மேடைத் தரையில் மல்லாந்து கிடந்தே பேச்சைத் தொடர்கிறார். அந்தக் காட்சியை ‘நின்றுரை’ என்று நம் மாணவருக்கு எப்படிச் சொல்வது?

ஐயா கொடுத்த சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்ததால், இன்று காலை வகுப்பில் ‘நகைமொழியர்’ என்று கரும்பலகையில் எழுதி, இவர் யாராக இருக்கக்கூடும் என்று கேட்டேன். முதல் வரிசையில் இருந்த மாணவி, நகையை மதிப்பிடுபவரா என்று உண்மையாகவே கேட்டாள். வகுப்பில் பாதிப்பேரின் எண்ணமும் அதுவாகவே இருந்தது.

சப்டைட்டில் எழுதுபவர், சென்னை:

தோழர்களே, திரையில் ஒரு வரி இரண்டு நொடிதான் நிற்கும். அதற்குள் பார்ப்பவருக்குப் புரியாத சொல், எவ்வளவு தூயதாக இருந்தாலும், எனக்குப் பயன்படாது. அந்தக் கலையைச் செய்கிற தமிழ் இளைஞர்களும் பார்க்கிறவர்களும் ‘ஸ்டாண்டப்’ என்றுதான் சொல்கிறார்கள். காபியையும் கிரிக்கெட்டையும் ஏற்றுக்கொண்ட மொழிக்கு இது ஒரு பாரமாகாது. தமிழ்ச்சொல் வேண்டும் என்பதே முடிவானால், ‘தனிநபர் நகைச்சுவை’ மட்டும் வேண்டாம். ‘நபர்’ அரபுச் சொல் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ‘தனிநபர் தாக்குதல்’ என்பதைப் போல, ஒருவரைக் குறிவைத்துச் செய்யும் கேலி என்று அது பொருள்பட்டுவிடுகிறது. ‘தனிமொழி’யும் ஆகாது, பள்ளி இலக்கணத்தில் அது தொடர்மொழிக்கு எதிரானது, நாடகத்தில் பாத்திரம் தனக்குள் பேசிக்கொள்வது. இவர்கள் அவையைப் பார்த்துப் பேசுகிறவர்கள். ‘சிரிப்புரை’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

அந்த மாணவி கேட்டதில் பிழையில்லை. அதில் ஓர் உண்மையும் இருக்கிறது. ‘நகு’ என்னும் அடிச்சொல்லுக்குச் சிரித்தல், மலர்தல், ஒளிவிடுதல் என எல்லாப் பொருளும் உண்டு. பூ நகும், பொன் நகும், முகம் நகும். ‘முத்தன்ன வெண்நகையாய்’ என்று மாணிக்கவாசகர் பாடும்போது பல்லின் ஒளியும் புன்னகையும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. கழுத்தில் கிடக்கும் நகையும் ஒளியால்தான் நகை ஆயிற்று. வகுப்பில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பிறகு அந்தப் பெண் அச்சொல்லை வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டாள்.

‘சிரிப்புரை’யில் எனக்குள்ள குறை வேறு. சிரிப்பு அவையில் எழும் ஓசை. நகை, உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவது. ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என்று அது பிறக்கும் நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் காட்டுகிறார். தொலைக்காட்சியில் சொல்லக்கூடாத ஏழு சொற்களைக் கார்லின் மேடையில் அடுக்கியதற்காக, 1972இல் மில்வாக்கியில் அவரைக் கைது செய்தார்கள். அதே பொருளில் அவர் பேசியதை ஒரு வானொலி ஒலிபரப்பியதால் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வானொலிக்கு எதிராக முடிந்தது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன எள்ளலைச் ‘சிரிப்பு’ என்ற சொல்லுக்குள் அடக்குவது முறையாகுமா?

நாடக ஆசிரியர், புதுச்சேரி:

ஐயா, ஐந்து நிமிடம் எனக்குக் கிடைக்கும். அந்த நூலைத் தனியே படிக்கும் மாணவருக்குக் கிடைக்காது. ‘சிரிப்பு’ கனமற்ற சொல் என்ற தங்கள் எண்ணத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. சொல்லுக்குக் கனத்தைத் தருவது அதைச் செய்து காட்டுகிறவர்கள்தாம்.

மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு புரூஸ் பற்றிய பகுதியை முடித்தேன்; என் முடிவுக்கு அதுவே காரணமாயிற்று. 1964இல் நியூயார்க்கில் ஆபாசமாகப் பேசினார் என்று அவர்மீது வழக்குத் தொடுத்தபோது, உரிமத் துறை ஆய்வாளர் ஒருவர் அவருடைய நிகழ்ச்சியைப் பார்த்துக் குறிப்பெடுத்து, அந்தக் குறிப்புகளைக் கொண்டே நீதிமன்றத்தில் அவர் பேச்சைச் சொல்லிக் காட்டினார். அந்த மனிதர் தடுமாறித் தடுமாறிச் சொன்னதற்குத் தாம் சிறைக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று புரூஸ் குமுறினார். நான்கு மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு முடிவதற்குள், 1966இல் அவர் இறந்துபோனார். நியூயார்க் ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2003இல்தான். சொன்னவரிடமிருந்து பிரித்து எடுத்தால் அந்தச் சொற்கள் உயிரற்றுப் போகின்றன என்பதை இந்த வழக்கைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. ஆகவே, எழுதி வைத்த ‘மொழி’யைவிட, ஒருவர் நேரில் நின்றோ இருந்தோ கிடந்தோ உரைக்கும் ‘உரை’யே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

குழுவுக்கு வெளியே எனக்கு எழுதியவர்களையும் சேர்த்து எழுவரில் நால்வர் ‘சிரிப்புரை’ என்கிறார்கள். முதல் இடத்தில் ‘ஸ்டாண்ட்-அப் காமெடி எனப்படும் சிரிப்புரை’ என்றும், பிறகு வெறும் ‘சிரிப்புரை’ என்றும் எழுதிவிடுகிறேன். கலைஞருக்குச் ‘சிரிப்புரையாளர்’ போதும் என நினைக்கிறேன். ‘சிரிப்புரைஞர்’ என்று இருவர் சொன்னார்கள், ஆனால் வாயில் எளிதாக வரவில்லை. ஐயாவின் ‘நகைமொழி’ அடிக்குறிப்பில் இடம்பெறும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

பெரும்பான்மைக்குத் தடையாக நிற்க மாட்டேன். இசைந்ததாகவும் கொள்ள வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள். பிரையர் தரையில் கிடந்து தம் இதயத்தோடு பேசும் பத்தியில் மட்டுமாவது, அடிக்குறிப்பில் அல்லாமல் வரிக்குள்ளேயே, ‘நகைமொழி’ என்று எழுதிவிடுங்கள், அம்மா.