காலையில் கிளம்பாத கணினி மதியம் தானாகக் கிளம்புகிறது, என்ன காரணம்?

வடகடல்_வீடு:

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டிலிருந்து வடகடலுக்கு நடந்தால் மூன்று நிமிஷம்.

இரண்டு வருஷம் முன்னால் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய மெஷின். ஆறு கோர் ப்ராசசர், 16 ஜிபி ரேம், 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. முன்பக்கம் மூன்று ஃபேன், பக்கவாட்டில் கண்ணாடி. வாடை தொடங்கியதிலிருந்து இரண்டு தொந்தரவு.

காலையில் பொத்தானை அழுத்தினால் ஃபேன் சுற்றும், விளக்கெல்லாம் எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. மதர்போர்டில் ரேம் பக்கத்தில் இருக்கும் சின்ன மஞ்சள் விளக்கு நின்று எரியும். ஏழெட்டுத் தடவை அணைத்துப் போட்டாலும் அதேதான். மதியம் ஒரு மணிக்கு மேல் நான் ஒன்றும் செய்யாமலே கிளம்பிவிடும்.

அடுத்தது, ராத்திரி பத்து, பதினொரு மணி வாக்கில் ஜிடிஏ 5 ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது. படம் பார்க்கும்போது ஒருநாளும் ஆனதில்லை. விளையாட்டில் மட்டும்தான்.

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். ஏசி அறையில் இரண்டு நாள் ஓடவிட்டார்களாம், ஒருதடவைகூட மக்கர் செய்யவில்லையாம். "எதற்கும் எஸ்எம்பிஎஸ் மாற்றிவிடலாம்" என்று அந்த பவர் சப்ளைப் பெட்டியை மாற்றிக் கொடுத்தார்கள். 5,200 ரூபாய். பாலம் தாண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, பழைய குருடி கதவைத் திறடி.

இதோடு சேர்த்து இன்னொன்று. கன்ட்ரோலரில் இடது குச்சியைத் தொடாமலே ஆள் தானாக நடந்து போகிறான். இதற்கும் வழி சொன்னால் நல்லது.

சுட்ட_மீன்:

விண்டோஸை ஃபார்மட் அடி மாப்ள. எல்லாம் சரியாகிவிடும்.

மண்டபம்_அக்கா:

திரையே வராத மெஷினுக்கு ஃபார்மட் அடித்து என்ன ஆகப்போகிறது? பதினைந்து வருஷமாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன், எந்தக் கோளாறு என்றாலும் முதலில் வரும் யோசனை இதுதான்.

தம்பி, மெஷின் எங்கே இருக்கிறது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல். மழை மூட்டம் போட்ட நாளில் மதியமாவது கிளம்புகிறதா? ரீஸ்டார்ட் ஆன பிறகு ஈவென்ட் வியூவரில், அதாவது விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் பதிவில், என்ன எழுதியிருக்கிறது?

வடகடல்_வீடு:

அக்கா, வடக்கு ஜன்னலுக்குக் கீழே மேஜை. ஃபேன் மூன்றும் ஜன்னலைப் பார்த்து இருக்கின்றன, குளிர்ந்த காற்று வரட்டும் என்று நான்தான் அப்படி வைத்தேன். மூட்டம் போட்ட நாளில் சாயங்காலம் வரை கிளம்பவில்லை, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்க்கிறேன். ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று வருகிறது. அதைத் தேடிப் பார்த்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ரேமை எடுத்து ரப்பரால் தேய்த்துப் போட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடியும் அதே கதை.

கீழக்கரை_காக்கா:

தம்பி, பாதி பதிலை நீயே எழுதிவிட்டாய். வாடைக்காற்றை மூன்று ஃபேன் போட்டு உள்ளே இழுத்திருக்கிறாய்.

கெர்னல்-பவர் 41 என்றால் "முறையாக அணையாமலே மெஷின் மறுபடி கிளம்பியிருக்கிறது" என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் என்று அதற்குத் தெரியாது. அதை வைத்து எஸ்எம்பிஎஸ் மேல் பழி போடக்கூடாது. ராத்திரிக் கோளாறு வேறு ஜாதி என்று தோன்றுகிறது, அதை அப்புறம் பார்ப்போம்.

காலைக் கோளாறு உப்பு. மழைக்காலத்தில் அடுப்படியில் உப்பு ஜாடி தண்ணி விடுமே, அதேதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்து தண்ணியைக் குடித்துக் கரைய ஆரம்பிக்கும். கடலிலிருந்து வரும் உப்பு இன்னும் மோசம், அதில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கிறது. அது முப்பத்து மூன்று சதவீத ஈரத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு பாத்தியில் கசப்பாக ஒரு தண்ணி மிஞ்சும், வெயில் காய்ந்தாலும் லேசில் வற்றாது. அந்தச் சரக்குதான் உன் மதர்போர்டில் மெல்லிசாகப் படிந்திருக்கிறது.

காய்ந்த உப்பில் கரன்ட் ஓடாது, ஈரமான உப்பில் ஓடும். ராத்திரி மெஷின் ஆறிவிடுகிறது, பனி இறங்குகிறது, ரேம் ஸ்லாட்டில் பல்லுக்குப் பல் ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது. அங்கே ஈரம் பாலம் போட்டால் சிக்னல் கெடும், மெஷின் ரேமையே கண்டுகொள்ளாது. மதியம் சூடு ஏறி ஈரப்பதம் இறங்கினால் பாலம் அறுந்துவிடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை தம்பி. அவருடைய ஏசி அறையில் உன் மெஷினுக்கு நோயே கிடையாது.

ரப்பரை இனிமேல் தொடாதே. ரேமின் பல்லில் இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. ஒருதடவை தேய்த்தால் பரவாயில்லை, மாசத்துக்கு ஒருதடவை தேய்த்தால் தங்கம் போய் அடியில் இருக்கும் நிக்கலும் செம்பும் வெளியே வரும். அதற்குப் பிறகு உப்புக்கு விருந்துதான்.

சுட்ட_மீன்:

அப்போ ஸ்பிரிட் அடித்துத் துடைத்தால் முடிந்ததா காக்கா?

கீழக்கரை_காக்கா:

இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். துபாயில் பதினொரு வருஷம் போன் போர்டு வேலை பார்த்தவன் சொல்கிறேன். ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) ஸ்பிரிட்டில் எண்ணெய் கரையும், பிசின் கரையும், உப்பு கரையாது. நல்ல சுத்தமான ஸ்பிரிட்டாக இருந்தால் உப்பை இங்கிருந்து அங்கே தள்ளுமே தவிர எடுக்காது. உப்பு போக வேண்டுமென்றால் தண்ணிதான் வேண்டும், அதுவும் குழாய்த் தண்ணி இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர்.

முதலில் பிளக்கைப் பிடுங்கு, பவர் பொத்தானை ஒருதடவை அழுத்தி மிச்சக் கரன்டை இறக்கு, காசு மாதிரி இருக்கும் சின்ன பேட்டரியையும் மதர்போர்டிலிருந்து எடு. ப்ராசசர், ரேம், கார்டு எல்லாவற்றையும் கழற்று. ப்ராசசர் சாக்கெட்டின் மேல் அதன் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிடு, அந்தப் பக்கம் தண்ணி வேண்டாம். மென்மையான பிரஷ்ஷில் டிஸ்டில்டு வாட்டர் தொட்டு ரேம் ஸ்லாட், கார்டு ஸ்லாட், போர்டின் ஓரம் எல்லாம் கழுவு. அதற்குப் பிறகு 99 சதவீத ஐபிஏ ஊற்றி அந்தத் தண்ணியை விரட்டு. ஸ்பிரிட்டின் வேலை அதுதான். ஃபேன் காற்றில் ஒருநாள் முழுக்கக் காயவேண்டும். அவசரப்பட்டு ராத்திரியே போட்டுப் பார்த்தால் என்னைத் திட்டாதே.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதே. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பிளக் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.

பாம்பன்_வல்லம்:

காக்கா சொல்வது சத்தியம். கடலில் விழுந்த போனை எடுத்ததும் முதலில் நல்ல தண்ணியில்தான் அலசுவோம், பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். அரிசியில் போடுவதெல்லாம் உப்பை எடுக்காது. பெட்டியில் தண்ணி புகாது என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள், அந்தச் சோதனையெல்லாம் நல்ல தண்ணியில் செய்தது.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், எங்கள் படகு ஜிபிஎஸ்ஸையும் ஆழம் பார்க்கும் கருவியையும் கழற்றிச் சுத்தம் செய்வேன். உள்ளே போர்டு முழுக்க மெழுகு பூசினது மாதிரி ஒரு கோட்டிங் இருக்கும். வயர் சேரும் இடமெல்லாம் சிலிக்கோன் கிரீஸ். அதனால்தான் கடல் நடுவில் ஆறேழு வருஷம் ஓடுகிறது. வீட்டுக்குள் வைக்கிற கணினிக்கு அந்தப் பூச்சு கிடையாது, ஏழு வண்ண விளக்கு மட்டும் இருக்கிறது.

2025 ஏப்ரலில் திறந்தார்களே பாம்பன் புது ரயில் பாலம், அதற்குக்கூட பாலிசிலோக்சேன் பூச்சுதான். போர்டுக்கு அடிக்கிற சிலிக்கோன் ஸ்பிரே அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. கழுவிக் காய்ந்த பிறகு அடிக்கலாம். ஆனால் ஸ்லாட், சாக்கெட், பிளக் குத்தும் இடம் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்கவேண்டும். முன்னாடி என் மச்சான் மறைக்காமல் அடித்தான். உப்பு வந்தாலும் உள்ளே போகாது, ரேம் போட்டாலும் சேராது என்று ஆகிவிட்டது.

வடகடல்_வீடு:

கழுவிவிட்டேன். ஸ்லாட்டிலிருந்து பிரஷ் பச்சையாக வந்தது. பூச்சு அடிக்கத் தைரியம் வரவில்லை. காய்கிறது.

ராத்திரிக் கோளாறை யாராவது பாருங்கள்.

தொண்டி_வயரிங்:

தம்பி, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அதில் "டக்" என்று சத்தம் கேட்குமா? தெரு மின்கம்பத்துப் பீங்கானில் ராத்திரி சுர்ரென்று இரைச்சல் உண்டா?

வடகடல்_வீடு:

அண்ணே, எங்கள் வீட்டில் கேமரா வைத்திருக்கிறீர்களா? டக் சத்தம் வரும், ஃபேன் ஒரு நொடி சுணங்கும். கம்பத்தில் நீலமாகப் பொறிகூட பார்த்திருக்கிறேன். போன வாரம் பெருமழை கொட்டிய பிறகு நாலு நாள் ரீஸ்டார்ட்டே இல்லை.

தொண்டி_வயரிங்:

அதுவும் உப்புதான், இடம்தான் வேறு. பீங்கானில் படிந்த உப்பு பனியில் நனைந்ததும் கரன்ட் அதன் மேல் ஊர்ந்து பொறி விடும், லைன் ஒரு சிமிட்டு சிமிட்டும். தூறலும் பனியும்தான் வில்லன்கள். பெருமழை கழுவிவிட்டுப் போய்விடும், அதனால்தான் நாலு நாள் நிம்மதி.

படம் பார்க்கும்போது ஆனதில்லை என்றாய் அல்லவா? கரன்ட் நின்றால் எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்துக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். முழு லோடில் அது சுமார் 16, 17 மில்லிசெகண்ட்தான். லோடு குறைந்தால் இன்னும் நீளும். படம் ஓடும்போது மெஷின் சுண்டைக்காய்க் கரன்ட் குடிக்கிறது, ஜிடிஏ ஓடினால் குடம் குடமாகக் குடிக்கிறது. ஒரே சிமிட்டல்தான், ஒன்று பிழைக்கும், இன்னொன்று விழும்.

இப்போது இன்வெர்ட்டருக்குப் பின்னால் போய்ப் பார். நிறைய இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் என்றும் நார்மல் அல்லது எகோ என்றும் இரண்டு பக்கம் தள்ளும் ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் பேட்டரிக்கு மாற நாற்பது மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும், உன் மெஷின் செத்துவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் பத்து, பதினைந்துக்குள் மாறிவிடும். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்குத் தாவும், பேட்டரி கூடுதலாகத் தேயும், அது தெரிந்து செய். ஜன்னல் பக்கச் சாக்கெட்டையும் கழற்றிப் பார், பித்தளை பச்சையாக இருந்தால் மாற்றிவிடு.

வடகடல்_வீடு:

நார்மலில்தான் இருந்தது. ஒரு ஸ்விட்ச். 5,200 ரூபாய்.

சுட்ட_மீன்:

இதற்குத்தான் நான் கன்சோல் வாங்கு என்றேன். போட்டோமா விளையாடினோமா என்று இருக்கும்.

மண்டபம்_அக்கா:

நீ ஃபார்மட் அடி என்றாய். கன்சோலுக்குள்ளும் ஃபேன்தான் இருக்கிறது, அதுவும் இதே காற்றைத்தான் இழுக்கும். கழற்றிக் கழுவ இன்னும் கஷ்டம்.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், கோபம் வேண்டாம். இந்தக் கண்ணாடிப் பெட்டிகளை ஏசி அறையை நினைத்துக்கொண்டு வடிவமைத்திருக்கிறார்கள். எவ்வளவு காற்று போகிறது என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள், அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்பது நம் பாடு. என் கடையில் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் நாலு இருக்கின்றன. அழுக்குக் கறுப்புப் பெட்டி, ஒரே ஒரு ஃபேன், ஒன்பது வருஷமாக ஓடுகின்றன. ஸ்க்ரூ எல்லாம் துரு, உள்ளே சுத்தம். அதில் ஜிடிஏ 5 ஓடாது, ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் ஓடும். 2004-இல் வந்த அந்த விளையாட்டுக்கு என் கடையில் இன்றைக்கும் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

கீழக்கரை_காக்கா:

அக்கா சொல்வதில் முக்கால்வாசி சரி. ஃபேனைக் குறைத்தால் கார்டு சூடாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவழி இருக்கிறது: மேஜையை ஜன்னலைவிட்டு உள்சுவருக்கு மாற்று, ஃபேனுக்கு முன்னால் வலை போட்டு வாரம் ஒருதடவை தண்ணியில் அலசு. ராத்திரி மெஷின் ஆறிய பிறகு மர அலமாரிக்குள் வைத்து ஒரு ஜீரோ வாட் பல்பு எரியவிடு. எல்இடி வேண்டாம், பழைய இழை பல்பு. பேர்தான் ஜீரோ, பதினைந்து வாட் இழுக்கும். அந்தச் சூடு போதும், உள்ளே ஈரப்பதம் ஏறாது. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் கேமராவை இப்படித்தான் காப்பாற்றினார்கள்.

கன்ட்ரோலர் விஷயம்: குச்சிக்கு அடியில் கார்பன் தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கிறது. உரச உரசத் தேயும், உப்பும் தூசியும் சேர்ந்தால் சீக்கிரம் தேயும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் கொஞ்ச நாள் வரும். செட்டிங்கில் டெட்ஸோனை (குச்சி லேசாக அசைந்தாலும் கண்டுகொள்ளாத அளவு) கூட்டினாலும் சமாளிக்கலாம், ஆனால் குறி பார்ப்பது மொண்ணையாகிவிடும். இனி வாங்கினால் ஹால் எஃபெக்ட் குச்சி உள்ளதாக வாங்கு. காந்தத்தை வைத்து அளக்கிறது, உரசுவதற்கு ஒன்றுமில்லை. புதுச் சரக்கும் இல்லை, 1998-இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்சோலின் கன்ட்ரோலரிலேயே இருந்தது. அப்புறம் ஏன் எல்லோரும் தேய்கிற பொருளையே போட்டார்கள் என்றால், மலிவு. தேய்ந்தால் இன்னொன்று வாங்குவோம் என்றும் தெரியும். இந்தக் கடைசி வாக்கியம் என் எரிச்சல், ஆதாரம் கேட்காதீர்கள்.

வடகடல்_வீடு (மூன்று வாரம் கழித்து):

நேற்றுவரை எல்லாக் காலையும் முதல் அழுத்திலேயே கிளம்பியது. இரண்டு நாள் விடாத மழை மூட்டத்திலும்கூட. ராத்திரி டக் சத்தம் கேட்கிறது, ரீஸ்டார்ட் இல்லை. மேஜையை உள்சுவருக்கு மாற்றினேன், சாக்கெட் பச்சைதான், மாற்றியாயிற்று. கன்ட்ரோலருக்குக் கிளீனர் அடித்தேன். பத்து நாள் ஒழுங்காக இருந்தான், இப்போது மறுபடி இடதுபக்கம் நடக்கிறான். பொங்கலுக்குள் ஹால் எஃபெக்ட் வாங்கப் போகிறேன்.

அலமாரியும் பல்பும் போட்டாயிற்று காக்கா. ஒரே பிரச்சினை, உள்ளே மொறுமொறுவென்று இருக்கிறது என்று அம்மா கண்டுபிடித்துவிட்டார். அப்பளக் கட்டு, வடகம், முறுக்கு டப்பா எல்லாம் அங்கேதான் இப்போது. மெஷினை எடுக்கும்போதெல்லாம் எள் கொட்டுகிறது.

பாம்பன்_வல்லம்:

எள்ளுக்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டாம், பிரஷ் போதும்.